பதினொரு வயதுக்கான புத்தகம் எங்கே?

பெங்களூரிலிருந்து இயங்கும் பிரதம் புக்ஸ் நிறுவனம் 2015 செப்டம்பர் 8, உலக எழுத்தறிவு நாளன்று ஸ்டோரிவீவர் என்ற கதைத் தளத்தைத் திறந்தது. அதிலுள்ள கதையை யாரும் காசில்லாமல் படிக்கலாம், அச்சிட்டுக் கொடுக்கலாம், தங்கள் மொழிக்கு மாற்றலாம், விற்கவும் செய்யலாம். எழுதியவர் பெயரையும் படம் வரைந்தவர் பெயரையும் முறையாகப் போட்டால் போதும். கிரியேட்டிவ் காமன்ஸ் எனப்படும் திறந்த உரிமத்தைக் குழந்தைப் புத்தகங்களுக்கு இவ்வளவு பெரிய அளவில் பயன்படுத்திக் காட்டியது இந்த ஊர்தான். இன்று 300க்கும் மேற்பட்ட மொழிகளில் அங்கே கதைகள் இருக்கின்றன. குழந்தைகளுக்கான அச்சுப் புத்தகம் அரிதாகவே வரும் பழங்குடி மொழிகளும் அவற்றில் உண்டு. ஆனால் அந்தக் கதைகள் பிரிக்கப்பட்டிருக்கும் நான்கு வாசிப்பு நிலைகளைக் கவனித்தால் ஒரு எல்லை கண்ணில் படும். முதல் நிலை எழுத்துக்கூட்டும் குழந்தைக்கு, நான்காம் நிலை துணையின்றிச் சரளமாகப் படிக்கும் குழந்தைக்கு. அந்த நான்காம் நிலைக் கதையும் பெரும்பாலும் ஒரே அமர்வில் படித்து முடிக்கும் நீளம்தான். சரளமாகப் படிக்கத் தெரிந்துகொண்ட பிள்ளை அதற்கு அடுத்து எதைப் படிப்பது? ஒன்பதிலிருந்து பதின்மூன்று வயதுவரை, ஒரே கதைக்குள் ஒரு மாதம் குடியிருக்க ஆசைப்படும் பருவத்தில், தமிழில் எடுத்துக் கொடுக்க 200 பக்கச் சாகச நாவல்கள் எத்தனை இருக்கின்றன? திறந்த உரிமத்தில் பகிரும் முயற்சி படக்கதையோடு நின்றுவிடாமல் நீண்ட மாயசாகச நாவலுக்கும் காலப்பயண நாவலுக்கும் வர வேண்டும், அதற்குப் பொதுப்பணம் செலவிடப்பட வேண்டும் என்பதே இக்கட்டுரையின் வாதம்.

தமிழில் இப்படிப்பட்ட கதைகளுக்கு ஒருகாலத்தில் பஞ்சம் இருந்ததில்லை. அவை புத்தகமாக வருவதற்கு முன் தொடராக வந்தன. நாகிரெட்டியும் சக்ரபாணியும் 1947 ஜூலையில் தெலுங்கிலும் தமிழிலும் தொடங்கிய அம்புலிமாமா, பிறகு கன்னடம், இந்தி என்று பல மொழிகளுக்குப் பரவியது. அதில் தாசரி சுப்பிரமணியம் 1950களிலிருந்து தெலுங்கில் எழுதிய மாயசாகசத் தொடர்கள் மொழி மாறி எல்லாப் பதிப்புகளிலும் வந்தன. விசாகப்பட்டினத்துச் சிறுவனும் வேலூர்ச் சிறுமியும் மைசூர்ப் பையனும் ஒரே மாதத்தில் ஒரே மந்திரவாதியின் குகைக்குள் மாட்டிக்கொண்டு அடுத்த இதழுக்காகக் காத்திருந்தார்கள். கோகுலத்தில் அழ. வள்ளியப்பாவும், பூந்தளிரில் வாண்டுமாமாவும் ஒரு தலைமுறையை இப்படித்தான் வளர்த்தார்கள். வாண்டுமாமா என்ற வி. கிருஷ்ணமூர்த்தி எழுதியவற்றில் மாயமும் உண்டு, துப்பறிதலும் உண்டு, அறிவியலும் உண்டு. ஆசிரியராகவும் எழுத்தாளராகவும் அவரே இருந்ததால் எந்தத் தொடர் பிள்ளைகளைப் பிடித்திழுக்கிறது என்பது அவருக்குக் கடிதங்கள் வழியாகத் தெரிந்தது. 1972இல் சிவகாசியிலிருந்து முத்து காமிக்ஸ் வந்து இரும்புக்கை மாயாவியைக் கொடுத்தபோது, மாயாவியாக மறையும் மனிதனைத் தமிழ்ப் பிள்ளைகள் ஒரு கேள்வியும் கேட்காமல் ஏற்றுக்கொண்டார்கள். இதில் நாம் மறந்துவிடும் விஷயம் அதன் பொருளாதாரம். எழுதுபவருக்கு அத்தியாயத்துக்கு இவ்வளவு என்று பத்திரிகை கொடுத்தது. ஓவியருக்கு மாதச் சம்பளம் கிடைத்தது. பிள்ளைக்கு ஒரு முழுப் புத்தகத்தின் விலை தேவைப்படவில்லை. பெட்டிக்கடையில் தொங்கும் இதழின் விலை போதும், அதுவும் இல்லாவிட்டால் முடிதிருத்தகமோ பக்கத்து வீடோ இருந்தது. நீண்ட கதையை எழுதவைக்கவும் பகிரவும் அதுவே ஏற்பாடு.

அந்த ஏற்பாடு இன்று இல்லை. பூந்தளிர் 1980களின் முடிவிலேயே போய்விட்டது. அம்புலிமாமா கைமாறி, நலிந்து, 2010களின் தொடக்கத்தில் நின்றது. கோகுலம், சுட்டி விகடன் இரண்டும் அச்சில் இல்லை. நாளிதழ்களின் சிறுவர் இணைப்புகள் தொடர்கின்றன, அவற்றை நடத்துபவர்களின் உழைப்பும் பெரிது; ஆனால் அவற்றின் இடம் ஒருபக்கக் கதைக்கும் புதிருக்கும் வண்ணம் தீட்டலுக்குமே போதுமானது. தொடர்கதை தன் வண்டியை இழந்தது. அதற்குப் பிறகு எழுத வந்தவர்கள் நேரடியாகப் புத்தகமாகவே எழுத வேண்டியிருந்தது, அதைச் சிறு பதிப்பகங்கள் சில நூறு பிரதிகள் அச்சிட்டு, புத்தகக் காட்சிகளில் ஏற்கனவே வாசிப்பில் அக்கறையுள்ள பெற்றோருக்கு விற்றன. இதிலும் நல்ல எழுத்து வந்திருக்கிறது. சாகித்ய அகாதெமியின் பால சாகித்ய விருது 2023இல் உதயசங்கரின் ‘ஆதனின் பொம்மை’க்குக் கிடைத்தது, நம் காலத்துச் சிறுவன் ஒருவனைப் பழைய கீழடிக்குள் கூட்டிப்போகும் இளையோர் நாவல் அது. 2020இல் யெஸ். பாலபாரதியின் ‘மரப்பாச்சி சொன்ன ரகசியம்’, 2025இல் விஷ்ணுபுரம் சரவணனின் ‘ஒற்றைச் சிறகு ஓவியா’ ஆகியவையும் அதே விருதைப் பெற்றன. ஆக எழுதக்கூடியவர்கள் இருக்கிறார்கள், மதிப்பிடுபவர்களும் இருக்கிறார்கள். விருது அறிவிப்பைச் செய்தித்தாளில் படித்த ஆசிரியர் ஒருவர், தன் வகுப்பிலுள்ள நாற்பது பிள்ளைகளுக்கு அந்த நாவலைக் கொடுக்க நினைத்தால் மட்டும் வழி இல்லை.

பெங்களூரிலிருந்து பார்க்கும்போது இந்த இடைவெளி இன்னும் அகலமாகத் தெரியும். இந்நகரத்து எழுத்தாளர் ரூபா பாய் 2009 முதல் ‘தாராநாட்ஸ்’ என்ற மாயசாகசத் தொடரை எட்டுப் பாகங்களாக எழுதினார். மித்யா என்று ஒரு கற்பனை உலகம், அதில் புதிர்களை அவிழ்த்துக்கொண்டே போகும் பிள்ளைகள், பெயர்களிலும் விளையாட்டுகளிலும் இந்திய வாசனை. ஆங்கிலத்தில் அது சாத்தியமானதற்குக் காரணம், எட்டுப் பாகம் வரும்வரை காத்திருக்க ஒரு பெரிய பதிப்பகம் தயாராக இருந்ததும், இந்தியா முழுக்கச் சந்தை இருந்ததும். அல்சூரிலோ சிவாஜிநகரிலோ ஸ்ரீராமபுரத்திலோ வளரும் தமிழ்ப் பிள்ளை தாராநாட்ஸைப் படிக்கலாம், ஹாரி பாட்டரைப் படிக்கலாம். கற்பனையின் தாகம் தீர்ந்துவிடும். ஆனால் வீட்டில் பேசும் மொழியில் அப்படி ஒன்று கிடைக்காத பிள்ளை, எழுதாத விதியாக ஒன்றைக் கற்றுக்கொள்கிறது: பறக்கும் கப்பலும் காலவாசலும் ஆங்கிலத்துக்கு உரியவை, நல்லொழுக்கமும் சிங்கம் முயல் கதையும் தமிழுக்கு உரியவை. மொழியின் மேல் பற்று வர வேண்டும் என்று மேடையில் பேசுகிறவர்கள் இந்த இடத்தைத்தான் கவனிப்பதில்லை.

நீண்ட கதைகளுக்குள்ளும் காலப்பயணத்தை ஏன் தனியாக எடுத்துச் சொல்ல வேண்டும்? குழந்தைகளுக்கான காலப்பயண நாவலின் தொடக்கங்களில் ஒன்று, எடித் நெஸ்பிட் 1906இல் வெளியிட்ட ‘தாயத்தின் கதை’. அதுவும் முதலில் ஒரு லண்டன் மாத இதழில் தொடராக வந்தது. நான்கு பிள்ளைகள் பாதித் தாயத்து ஒன்றைக் கொண்டு பண்டைய எகிப்துக்கும் பாபிலோனுக்கும் போய்வருகிறார்கள். எகிப்தைப் பற்றி எழுத நெஸ்பிட் பிரிட்டிஷ் அருங்காட்சியகத்து அறிஞர் வாலிஸ் பட்ஜிடம் உதவி கேட்டார், நூலையும் அவருக்கே காணிக்கையாக்கினார். கதையின் உச்சம், பிள்ளைகள் பாபிலோனுக்குப் போவதில் இல்லை; பாபிலோன் அரசி லண்டனுக்கு வருவதில் இருக்கிறது. தெருவில் நடக்கும் உழைப்பாளிகளின் கோலத்தைப் பார்த்துவிட்டு, உங்கள் அடிமைகளை ஏன் இவ்வளவு மோசமாக வைத்திருக்கிறீர்கள் என்று அவள் கேட்கிறாள். காலப்பயணக் கதை செய்யக்கூடிய பெரிய காரியம் இது. பிள்ளைக்குப் பழகிப்போன நிகழ்காலத்தை அது வேறொருவர் கண்ணால் காட்டுகிறது. இப்படி இருப்பது இயற்கை, எப்போதும் இப்படித்தான் இருந்தது என்ற எண்ணத்தைப் பதினொரு வயதிலேயே அசைத்துப் பார்க்கிறது. இந்தச் சிந்தனை நமக்கு வெளியிலிருந்து வந்ததும் இல்லை. மகள் ரேவதிக்கு மாப்பிள்ளை கேட்கப் பிரம்மலோகம் போன ரைவத மன்னன், சற்றுநேரம் இசை கேட்டுவிட்டுத் திரும்பியபோது பூமியில் பல யுகங்கள் கடந்திருந்தன என்று புராணம் சொல்கிறது. சுஜாதா ‘கடவுள் வந்திருந்தார்’ நாடகத்தில் எதிர்காலத்து மனிதன் ஒருவனை நடுத்தர வர்க்கத்து வீட்டுக்குள் கொண்டுவந்து நிறுத்தினார். சுஜாதா பணியாற்றியதும் இதே பெங்களூரில், பாரத் எலெக்ட்ரானிக்ஸில்தான். திரையிலோ, 1991இல் ‘அபூர்வ சக்தி 369’ என்று மொழிமாற்றாகி வந்த சிங்கீதம் சீனிவாச ராவின் படத்திலிருந்து ‘இன்று நேற்று நாளை’, ‘24’ வரை காலப்பயணத்தைத் தமிழ்க் குடும்பங்கள் பிள்ளைகளோடு போய்ப் பார்த்திருக்கின்றன. சினிமாவுக்குப் புரியும் என்று நாம் நம்பும் பிள்ளைகளுக்குப் புத்தகத்தில் மட்டும் புரியாது என்று நினைக்க ஒரு காரணமும் இல்லை.

அப்படிப்பட்ட கதைக்குக் களமாகப் பெங்களூரையே எடுத்துக்கொள்வோம். புதிய நகரம், கணினி நகரம், வந்தேறிகளின் நகரம் என்று சொல்லிச் சொல்லியே இதற்கு ஒரு பழங்காலம் இருப்பதை இங்கு வளரும் பிள்ளைகளிடமிருந்து மறைத்துவிட்டோம். லால்பாக் பூங்காவில் பிள்ளைகள் ஏறி விளையாடும் பாறை சுமார் 300 கோடி ஆண்டு வயதுடையது. தேசிய நிலவியல் நினைவுச்சின்னம் என்று பலகை வைத்திருக்கிறார்கள். பேகூர் நாகேஸ்வரர் கோயிலில் சுமார் கி.பி. 890ஐச் சேர்ந்த கன்னடக் கல்வெட்டு, பெங்களூரில் நடந்த ஒரு போரையும் அதில் இறந்தவரையும் பதிவு செய்கிறது. தொம்மலூர் சொக்கநாதசுவாமி கோயிலிலும் மடிவாளா சோமேஸ்வரர் கோயிலிலும் 13ஆம் நூற்றாண்டுத் தமிழ்க் கல்வெட்டுகள் இருக்கின்றன. இன்று மென்பொருள் அலுவலகங்களுக்கு நடுவே நெரிசலில் திணறும் தொம்மலூர் அன்று தேசிமாணிக்கப்பட்டணம் என்ற மறுபெயரோடு வணிகர்கள் புழங்கிய ஊர். 1537இல் கெம்பே கௌடர் கோட்டை கட்டியது, 1898இல் பிளேக் நோய் ஊரைக் காலி செய்தது, அதையடுத்து மல்லேஸ்வரமும் பசவனகுடியும் காற்றோட்டமான குடியிருப்புகளாக வளர்ந்தது, 1902இல் சிவனசமுத்திரத்திலிருந்து கோலார் தங்கவயலுக்கு மின்சாரம் போனது, 1905இல் அதே மின்சாரம் நகரத்து வீதிவிளக்குகளுக்கு வந்தது. இவை ஒவ்வொன்றும் ஒரு நாவலின் வாசல். மிதிக் சொசைட்டி இப்போது நகரத்துக் கல்வெட்டுகளை முப்பரிமாணத்தில் வருடி ஆவணப்படுத்தி வருகிறது. அலுவலகக் கட்டடங்களுக்கும் சாக்கடைக்கும் இடையில் கிடந்த கற்களெல்லாம் மீண்டும் படிக்கக் கிடைக்கின்றன. தகவல் குவிந்து கிடக்கிறது, கதை இல்லை. பிளேக் காலத்து கன்டோன்மென்ட்டில், தமிழ்த் தொழிலாளர் குடிசை வரிசையில், எலி விழுந்து செத்தால் வீட்டைக் காலி செய்யச் சொல்லும் அதிகாரிகளுக்கும் பயந்து ஒளியும் குடும்பத்துக்கும் நடுவே, பெருந்தொற்று ஊரடங்கை நேரில் கண்ட இன்றைய பிள்ளை ஒன்று போய் இறங்கினால் என்னவெல்லாம் நடக்கும் என்று ஒரு நாவலாசிரியருக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை.

இப்படிப்பட்ட நாவல்களுக்கு முதல் ஆட்சேபம் முற்போக்குப் பக்கத்திலிருந்து வரும். மந்திரக்கோலும் மாயக் கண்ணாடியும் மூடநம்பிக்கையை ஊட்டும். பிள்ளைகளுக்கு வேண்டியது அறிவியலும் யதார்த்தமும் என்பார்கள். தமிழ்ச் சிறார் எழுத்தில் இந்த எண்ணத்துக்குக் கௌரவமான மரபு உண்டு. தமிழ்நாடு அறிவியல் இயக்கத்தின் ‘துளிர்’ இதழ் 1987 முதல் செய்துவரும் பணியை அதை விட்டுவிட்டுப் பேச முடியாது. ஆனால் மூடநம்பிக்கையும் மாயக்கதையும் ஒன்றில்லை. மூடநம்பிக்கை, காரணம் கேட்காதே என்று சொல்வது. நல்ல மாயக்கதையோ காரணங்களின் கணக்குப்புத்தகம்: இந்த வாசல் பௌர்ணமியில் மட்டும் திறக்கும், கடந்தகாலத்தில் எதையாவது மாற்றினால் நிகழ்காலத்தில் இன்னொன்று குறையும், மந்திரத்தை மூன்று முறைக்குமேல் பயன்படுத்தக் கூடாது. ஆசிரியர் தான் போட்ட விதியைத் தானே மீறினால் முதலில் கண்டுபிடித்துக் கூச்சலிடுவது பத்து வயது வாசகர்தான். உங்கள் தாத்தாவின் சிறுவயதுக்குப் போய் அவர் கல்யாணத்தைத் தடுத்துவிட்டால் நீங்கள் பிறப்பீர்களா என்ற கேள்வியில் தர்க்கப் பயிற்சி எவ்வளவு இருக்கிறது என்பதை வகுப்பறையில் கேட்டுப் பார்த்தால் தெரியும். ஆயிஷா இரா. நடராசன் ‘விஞ்ஞான விக்கிரமாதித்தன் கதைகள்’ என்று வேதாளத்தின் கேள்வி வடிவத்தையே அறிவியலுக்குக் கொண்டுவந்தார். அதற்கும் 2014இல் பால சாகித்ய விருது கிடைத்தது. மாயம் அறிவியலுக்கு எதிரி என்ற பயம் எழுத்தாளர்களிடம் எப்போதோ போய்விட்டது, பரிந்துரைப் பட்டியல் போடுகிறவர்களிடம்தான் மிச்சமிருக்கிறது.

இரண்டாவது ஆட்சேபம் இதைவிடக் கனமானது, அதை லேசாகத் தள்ளிவிட முடியாது. பழங்காலத்தைக் கற்பனையாக எழுதினால் பிள்ளைகள் அதையே வரலாறு என்று நம்பிவிடுவார்கள். அதிலும் கீழடி போன்ற இடத்தில், எங்கள் மொழியே மூத்தது என்ற பெருமையைப் பால்குடி வயதிலேயே ஊற்றிவிடுவார்கள் என்ற கவலை. பெங்களூருக்கு இது வெறும் ஏட்டுக் கவலை இல்லை. 1991இல் காவிரிப் பிரச்சினையில் இந்நகரத்தில் தமிழர்கள் தாக்கப்பட்டார்கள். அல்சூரில் வைக்கப்பட்ட திருவள்ளுவர் சிலை 18 ஆண்டுகள் மூடியே கிடந்து 2009 ஆகஸ்டில்தான் திறக்கப்பட்டது. யார் முதலில் வந்தார்கள் என்ற வாக்குவாதத்துக்கு எரிபொருளாக ஒரு சிறார் நாவல் ஆகிவிடலாம்தான். ஆனாலும் பிள்ளைகள் வரலாற்றுக் கற்பனையைத் தொடாமல் வளரப்போவதில்லை. அலைபேசியில் வரும் ஆதாரமற்ற துணுக்குகளிலிருந்தும், சினிமாவிலிருந்தும் அவர்கள் ஏற்கனவே பழங்காலத்தைக் கட்டிக்கொண்டுதான் இருக்கிறார்கள். கவனமாக எழுதப்பட்ட நாவல், இது நமக்கு எப்படித் தெரியும் என்ற கேள்வியைக் கதைக்குள்ளேயே வைக்க முடியும். வீர பல்லாள மன்னனுக்கு ஒரு கிழவி அவித்த அவரை கொடுத்ததால்தான் இந்த ஊருக்குப் பெயர் வந்தது என்று பெங்களூர்ப் பிள்ளைகள் எல்லோரும் கேட்டிருப்பார்கள். பல்லாளன் பன்னிரண்டாம் நூற்றாண்டின் பிற்பகுதிக்காரன். அவனுக்கு ஏறத்தாழ 300 ஆண்டுகள் முந்திய பேகூர்க் கல்லிலேயே ஊர்ப்பெயர் இருக்கிறது. அந்த இரண்டு காலத்துக்கும் போய்வரும் ஒரு கதாபாத்திரம் கல்லையும் கதையையும் எதிரெதிரே வைத்துப் பார்க்கும். பாடப்புத்தகத்தில் ஒரு வரியாக வந்தால் ஒட்டாத விஷயம் அங்கே ஒட்டும். கீழடியிலும் அப்படியே. அகழாய்வில் கிடைத்த பானை ஓட்டில் ஆதன் என்ற பெயர் கீறப்பட்டிருக்கிறது, விளையாட்டுச் சில்லுகளும் பகடைகளும் கிடைத்திருக்கின்றன. இவை மன்னர்களின் வெற்றிகளைச் சொல்வதில்லை. பெயர் எழுதத் தெரிந்த யாரோ ஒருவரையும், ஆடி முடித்துத் தூக்கிப்போட்ட காயையும் சொல்கின்றன. சிறார் நாவலுக்கு அரண்மனையைவிட இது பொருத்தமான வாசல். கூடவே, ஒரு காலத்தில் இறங்கிய பிள்ளை அங்கே யார் கிணற்றில் தண்ணீர் எடுக்கலாம், யார் கூடாது என்பதையும் பார்க்கத்தான் செய்யும். அதை மறைத்துப் பொற்காலம் மட்டும் காட்டும் நாவலை நிராகரிக்கும் பொறுப்பு பதிப்பாசிரியருக்கு உண்டு.

மூன்றாவது ஆட்சேபம் எழுதுகிறவர்களுடையது: திறந்த உரிமத்தில் இலவசமாகக் கொடுத்துவிட்டால் எழுத்தாளர் எதைச் சாப்பிடுவார்? நியாயமான கேள்வி, ஆனால் அது இப்போதைய நிலையில் எழுத்தாளர் சாப்பிட்டுக்கொண்டிருக்கிறார் என்று அனுமானிக்கிறது. சில நூறு பிரதிகளில் பத்து சதவீத உரிமைத்தொகை என்பது பெரும்பாலும் மரியாதைக்குரிய ஒரு தொகைதான், வருமானம் இல்லை. திறந்த பகிர்வு விற்பனையைக் கொல்லும் என்பதற்கும் ஆதாரம் வலுவாக இல்லை. கோரி டாக்டரோ 2008இல் ‘லிட்டில் பிரதர்’ என்ற இளையோர் நாவலை அச்சில் வெளியிட்ட அதே நேரத்தில் இணையத்தில் கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமத்தில் இலவசமாகவும் வைத்தார். அது நியூயார்க் டைம்ஸ் விற்பனைப் பட்டியலில் ஏறியது. அமெரிக்கச் சந்தை வேறு என்று சொன்னால், கல்கியைப் பார்க்கலாம். அவர் எழுத்துகள் 1990களின் இறுதியில் நாட்டுடைமை ஆக்கப்பட்டன. பொன்னியின் செல்வன் இணையத்தில் எங்கும் கிடைக்கிறது, அதற்குப் பிறகும் பல பதிப்பகங்கள் போட்டி போட்டு அச்சிடுகின்றன, வாங்குகிறார்கள். நாட்டுடைமை என்ற ஏற்பாடே ஓர் அரிய முன்மாதிரி: அரசு வாரிசுகளுக்கு ஒரு தொகை கொடுத்து எழுத்தைப் பொதுவில் விடுகிறது. அதில் ஒரே குறை, பெரும்பாலும் எழுதியவர் இறந்த பிறகு நடப்பது. இந்தியச் சட்டப்படி காப்புரிமை ஆசிரியர் மறைந்து 60 ஆண்டுகள் நீடிக்கும். 2014இல் மறைந்த வாண்டுமாமாவின் எழுத்து, அரசோ வாரிசுகளோ வேறு முடிவு எடுக்காவிட்டால், 2074 முடியும்வரை பூட்டியிருக்கும். அப்போது அதைப் படிக்கப்போவது ஆராய்ச்சி மாணவர்கள்தான். உயிரோடு இருக்கும் எழுத்தாளருக்கு முன்கூட்டியே கௌரவமான தொகை கொடுத்து, சிறார் நாவலின் திறந்த உரிமையை வாங்கிக்கொள்வதே சரி. பிரதம் புக்ஸ் படக்கதைகளுக்கு நன்கொடை நிதியில் செய்வது ஏறக்குறைய இதுதான்.

இந்தக் காலத்துப் பிள்ளைகள் எங்கே நாவல் படிக்கிறார்கள் என்ற அலுப்புக்கு நீண்ட பதில் தேவையில்லை. இல்லாத புத்தகத்தைப் படிக்கவில்லை என்று பிள்ளைகளைக் குறை சொல்ல முடியாது. பெங்களூருக்கு வேறொரு சிக்கல் இருக்கிறது, அது உண்மையானது: இங்கே தமிழ் பேசத் தெரிந்த பிள்ளைகளில் பலருக்குத் தமிழ் எழுத்து தெரியாது. பள்ளியில் கன்னடமும் ஆங்கிலமும் இந்தியும் போக இடமில்லை. அவர்களுக்கு 200 பக்க நாவலைக் கொடுத்தால் மலைப்புத்தான் வரும். வாராவாரம் ஓர் அத்தியாயம், கூடவே யாராவது வாசித்த ஒலிப்பதிவு என்று வந்தால் நிலைமை வேறு. காதால் கேட்டுக்கொண்டே கண்ணால் வரியைத் தொடர்வது எழுத்துக்கூட்டலுக்கும் உதவும், தாத்தா பாட்டிக்கும் வேலை கிடைக்கும். திறந்த உரிமம் இல்லாமல் இப்படி ஒலிப்பதிவு செய்வதற்கு ஒவ்வொருவரும் பதிப்பகத்துக்குக் கடிதம் எழுதிக் காத்திருக்க வேண்டும். உரிமம் இருந்தால் அல்சூர் ஏரிக்கரையில் இருக்கும் பெங்களூர்த் தமிழ்ச் சங்கமே நாளை தொடங்கிவிடலாம்.

செய்ய வேண்டியதைப் பற்றிக் கொஞ்சம் விவரமாகவே சொல்லலாம். தமிழ்நாடு பள்ளிக்கல்வித் துறை வாசிப்பு இயக்கத்தில் ‘நுழை, நட, ஓடு, பற’ என்று நான்கு வரிசைகளில் சிறு புத்தகங்களை அரசுப் பள்ளிகளுக்குக் கொண்டுபோயிருக்கிறது. ‘ஊஞ்சல்’, ‘தேன்சிட்டு’ இதழ்களும் அதே பள்ளிகளுக்குப் போகின்றன. பறக்கக் கற்றுக்கொடுத்த பிறகு வானம் எங்கே என்று கேட்கும் பிள்ளைக்கு ‘தேன்சிட்டு’ பக்கங்களில் ஒரு தொடர்கதை கொடுக்க முடியும். ஆண்டுக்கு இரண்டு மூன்று நாவல்கள் போதும். எழுத்தாளருக்கு முழு நாவலுக்கும் ஊதியம், ஓவியருக்குத் தனி ஊதியம், வரலாற்றுக் களமென்றால் நெஸ்பிட்டுக்கு பட்ஜ் இருந்தது போல ஒரு தொல்லியல் அறிஞரின் துணை, தொடர் முடிந்ததும் திறந்த உரிமம். இதில் பிசகக்கூடிய இடம் தேர்வு. பரிசுப் போட்டி வைத்து, குழு அமைத்து, எல்லோருக்கும் பிடித்த, யாரையும் உறுத்தாத கதையைத் தேர்ந்தெடுத்தால் மறுபடியும் சிங்கமும் முயலும்தான் வரும். மேடலின் லெங்கிளின் ‘எ ரிங்கிள் இன் டைம்’ நாவலை 1962இல் வெளிவருமுன் இருபதுக்கும் மேற்பட்ட பதிப்பகங்கள் திருப்பியனுப்பின. வாண்டுமாமா பூந்தளிரில் இருந்தது போல, பெயர் தெரிந்த ஒரு பதிப்பாசிரியர், தான் விரும்பியதைப் போட்டு, அதற்கு வரும் வசவையும் தானே வாங்கிக்கொள்பவர் இருக்க வேண்டும். கர்நாடகத்தில் இதையே கன்னடத்துக்கு யாராவது செய்தால், தொம்மலூர்த் தமிழ்க் கல்வெட்டுக்குள் ஒரு கன்னடப் பிள்ளையும், பேகூர்க் கன்னடக் கல்லுக்குள் ஒரு தமிழ்ப் பிள்ளையும் நுழையும் நாவலை இரண்டு மொழியிலும் ஒரே வாரத்தில் தொடங்கலாம். உரிமம் திறந்திருந்தால் மொழிபெயர்ப்பாளர் யாரிடமும் அனுமதி கேட்க வேண்டியதில்லை, அம்புலிமாமா காலத்தில் தாசரி சுப்பிரமணியத்தின் தொடர்கள் எல்லை தாண்டிய வேகத்திலேயே போகும். எழுத ஆள் இந்நகரத்திலேயே இருக்கிறார்கள். முதல் நாவலுக்கான காசோலையில் கையெழுத்திடப்போவது சென்னையா, பெங்களூரா, அல்லது இங்குள்ள ஏதாவது ஒரு நிறுவனத்தின் சமூகப் பொறுப்பு நிதியா என்பது இன்னும் முடிவாகாத கேள்வி.